மறு: ‘ஆலோசனை’க்கு மாற்றுச் சொல் – துணிபுரை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

இழை முழுவதையும் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். நம் அரசமைப்புச் சட்டத்தின் 74ஆவது உறுப்பில் வரும் ‘அட்வைஸ்’ என்ற சொல்லுக்கு நம் கலைச்சொல் பட்டியலில் ‘ஆலோசனை’யே போதும் என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

> வழக்கில் ஊன்றிவிட்ட சொல்லை ஏன் அசைக்க வேண்டும்? ஆலோசனை என்றாலே எல்லோருக்கும் புரிகிறதே.

புரிகிறது, ஆனால் தப்பாகப் புரிகிறது. மேல்நிலை வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசியல் அறிவியல் நடத்துகிறேன். ‘பிரதமர் தலைமையிலான அமைச்சரவை குடியரசுத் தலைவருக்கு உதவியும் ஆலோசனையும் வழங்கும்’ என்ற வரி வந்ததுமே ஒரு கை எழும். “ஆலோசனைதானே சார், அவருக்குப் பிடிக்கலைன்னா விட்டுடலாம்தானே?” பிள்ளை மேல் தப்பே இல்லை. தமிழில் ஆலோசனை என்றால் அதுதான் பொருள், கேட்பதும் கேட்காததும் கேட்பவர் விருப்பம். பிரதமருக்கும் அமைச்சரவைக்கும் இருக்கிற அதிகாரமெல்லாம் வந்து சேர்கிற இடம் இந்த ஒரு சொல். அதை இவ்வளவு தொளதொளப்பாக வைத்துக்கொண்டு மற்றக் கலைச்சொற்களை இறுக்கி என்ன பயன்?

இந்தச் சந்தேகம் பிள்ளைகளுக்கு மட்டும் வந்ததில்லை. முதல் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் 1960 நவம்பரில், டெல்லியில் சட்ட அறிஞர்கள் கூடிய ஒரு விழாவிலேயே, குடியரசுத் தலைவர் அமைச்சரவை சொன்னபடிதான் நடக்க வேண்டும் என்று சட்டத்தில் வெளிப்படையாக எங்கும் எழுதவில்லையே, இதை ஆராயுங்கள் என்று கேட்டார். 1974இல் சம்ஷேர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, சில விதிவிலக்குகள் போக, அமைச்சரவை சொன்னபடிதான் நடக்க வேண்டும் என்றது. 1976இல் 42ஆவது திருத்தம் அதைச் சட்ட வாசகமாகவே எழுதிவிட்டது. 1978இல் 44ஆவது திருத்தம், ஒரே ஒரு முறை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பலாம், மறுபடி அதே முடிவு வந்தால் அதன்படியே செய்ய வேண்டும் என்று சேர்த்தது. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லை அப்படியே வைத்துக்கொள்ள முடிவது, மன்னருக்கு அமைச்சர்கள் மரியாதைக்காக அப்படிச் சொல்லிச் சொல்லி, பல தலைமுறைப் பழக்கத்தில் அதற்கு ஒரு தனிப்பொருள் ஏறிவிட்டதால். தமிழில் அந்தப் பழக்கம் கிடையாது. எனவே நம் சொல் தன் பொருளைத் தானே சுமக்க வேண்டும்.

2019ஐப் பாருங்கள். பிரிட்டனில் போரிஸ் ஜான்சன் நாடாளுமன்றக் கூட்டத்தொடரை ஐந்து வாரத்துக்கு முடித்து வைக்கும்படி ராணிக்குச் சொன்னார், ஆகஸ்ட் 28இல் ராணி அப்படியே செய்தார். செப்டம்பர் 24இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தில் வழக்கை விசாரித்த 11 நீதிபதிகளும் ஒருமித்து, பிரதமர் சொன்ன அந்த ‘அட்வைஸ்’ சட்டத்துக்கு முரணானது, கூட்டத்தொடர் முடியவே இல்லை என்று தீர்ப்புச் சொன்னார்கள். இதைத் தமிழில் ‘பிரதமர் வழங்கிய ஆலோசனை சட்டவிரோதம்’ என்று எழுதினால் படிக்கிறவர் குழம்பிப் போவார். யோசனை சொல்வது எப்படிக் குற்றமாகும், கேட்டு நடந்த ராணியை அல்லவா கேட்க வேண்டும் என்றுதான் தோன்றும். ராணிக்கு மறுக்க வழியில்லை என்பது அந்த வாக்கியத்துக்குள் எங்குமே இல்லை.

இன்னொரு சிக்கல். 143ஆவது உறுப்பின்படி குடியரசுத் தலைவர் உச்ச நீதிமன்றத்திடம் கருத்துக் கேட்கலாம். அது உண்மையிலேயே ஆலோசனை, யாரையும் கட்டுப்படுத்தாது. 74க்கும் 143க்கும் ஒரே சொல்லைப் போட்டால், ஒன்று கட்டுப்படுத்தும், மற்றது கட்டுப்படுத்தாது என்ற அடிப்படை வேறுபாடே அழிந்துபோகும்.

சரி, முன்வைக்கப்பட்ட மாற்றுகளுக்கு வருகிறேன்.

‘பரிந்துரை’ நாளிதழ்களில் நிறைய வருகிறது. ஆனால் பண மசோதாவை மக்களவையில் கொண்டுவரக் குடியரசுத் தலைவரின் ‘பரிந்துரை’ வேண்டும் என்று 117ஆவது உறுப்பு சொல்கிறது. அங்கே அந்தச் சொல் எதிர்த்திசையில் போகிறது. தவிர, நிலைக்குழு, ஆணையம் என்று எல்லோரும் பரிந்துரைக்கிறார்கள், அரசு வேண்டியதை எடுத்துக்கொள்கிறது. ‘கட்டுறு ஆலோசனை’, அதாவது கட்டுப்படுத்தும் ஆலோசனை, பொருளளவில் சரி. ஆனால் ஒவ்வொரு வரியிலும் அடைமொழி போட்டு எழுத முடியாது, இரண்டாவது பத்தியிலேயே அடைமொழி உதிர்ந்து பழைய ஆலோசனைக்கே வந்து நிற்போம். ‘அறிவுரை’ பெரியவர் சின்னவருக்குச் சொல்வது, வேண்டாம்.

யாழ்ப்பாணத்து அண்ணன் சொன்ன ‘மதியுரை’ அழகான சொல். ஈழத்தில் நன்றாகப் புழங்குகிறது. ஆனால் அண்ணா, மதியுரைஞர் என்றால் ஆலோசகர்தானே? தலைவருக்குப் பக்கத்தில் இருந்து சொல்பவர், முடிவெடுப்பவர் தலைவர். நமக்கு வேண்டிய பொருள் இதற்கு நேர்மாறு. இலங்கை அரசமைப்பிலேயே இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2015இன் 19ஆவது திருத்தத்தின்படி பிரதமர் சொல்கிறவர்களைத்தான் சனாதிபதி அமைச்சராக்க வேண்டியிருந்தது. 2020இன் 20ஆவது திருத்தம் அதை, தேவை என்று சனாதிபதி கருதினால் பிரதமரைக் கலந்தாலோசிக்கலாம் என்ற அளவுக்கு இறக்கிவிட்டது. ஒரு சொல்லை மாற்றியதில் பிரதமர் பதவியின் எடையே மாறியது. இந்த இரண்டையும் பிரித்துக் காட்ட முடியாத சொல் நமக்கு ஆகாது.

‘அமைச்சுரை’, அதாவது அமைச்சர்கள் உரைப்பது, எனக்கும் முதலில் பிடித்திருந்தது. ஆனால் அமைச்சர்களை நியமிப்பது பிரதமர் ஒருவர் மட்டும் சொல்லும் சொல்லால், 75ஆவது உறுப்பு அப்படித்தான் சொல்கிறது. அங்கே அமைச்சரவையே இன்னும் முழுதாக உருவாகியிருக்காது.

என் முன்மொழிவு ‘துணிபுரை’. துணிபு என்றால் ஆராய்ந்து எடுத்த முடிவு. ‘என்பது அறிஞர் துணிபு’ என்று இன்றைக்கும் கட்டுரைகளில் எழுதுகிறோம். ஆலோசனை முடிந்து, முடிவெடுத்து, அதன்பின் சொல்லப்படுவது துணிபுரை. யோசிக்கிற கட்டம் அமைச்சரவைக்குள்ளேயே முடிந்துவிட்டது, வெளியே வருவது முடிவு.

> துணிபு என்றால் இன்றைய வாசகருக்குத் தைரியம் என்றுதானே தோன்றும்?

தைரியத்துக்கு நாம் எழுதுவது ‘துணிவு’. வகரத்துக்கும் பகரத்துக்கும் உள்ள இந்த வேறுபாடு வழக்கில் ஏற்கெனவே இருக்கிறது. இலங்கைக் கணிதப் பாடத்தில் ‘டிட்டர்மினன்ட்’டுக்குத் ‘துணிகோவை’ என்று எழுதுகிறார்கள், அதைப் படித்து யாரும் வீரத்தை நினைப்பதில்லை. வள்ளுவர் ‘துணிவு’ என்றே எழுதினாலும் முடிவு என்ற பொருளில்தான் சொல்கிறார், ஆலோசனையையும் முடிவையும் ஒரே குறளில் வைத்திருக்கிறார்: ‘சூழ்ச்சி முடிவு துணிவெய்தல் அத்துணிவு தாழ்ச்சியுள் தங்குதல் தீது.’ சூழ்ச்சி என்றால் அங்கே ஆலோசனை. ஆலோசனையின் முடிவு துணிவு, அந்தத் துணிவைக் காலம் தாழ்த்திக் கிடப்பில் போடுவது தீது.

அந்த ‘தாழ்ச்சியுள் தங்குதல்’ எப்படி இருக்கும் என்று தமிழ்நாட்டுக்கு நன்றாகத் தெரியும். பேரறிவாளன் உள்ளிட்ட ஏழு பேரை விடுவிக்க 2018 செப்டம்பர் 9 அன்று மாநில அமைச்சரவை முடிவெடுத்து ஆளுநருக்கு அனுப்பியது. இரண்டு ஆண்டுக்கு மேல் அது அங்கேயே கிடந்தது. 2021 ஜனவரியில் ஆளுநர் அதைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். 2022 மே 18இல் உச்ச நீதிமன்றம், தண்டனையைக் குறைக்கும் அதிகாரம் தரும் 161ஆவது உறுப்பின் கீழ் அமைச்சரவை சொன்னது ஆளுநரைக் கட்டுப்படுத்தும், இப்படி மேலே அனுப்பி வைக்க அவருக்கு இடமில்லை என்று சொல்லி, 142ஆவது உறுப்பின்கீழ் தானே பேரறிவாளனை விடுவித்தது. அத்தனை காலமும் ‘ஆளுநர் அமைச்சரவையின் ஆலோசனையைப் பரிசீலித்து வருகிறார்’ என்றுதான் செய்தி படித்தோம். ஆலோசனை என்று எழுதினால் பரிசீலிப்பது இயல்பாகத் தெரிகிறது. ‘துணிபுரையைப் பரிசீலித்து வருகிறார்’ என்று எழுதிப் பாருங்கள், வாக்கியம் தானாகவே இடறும். அந்த இடறல்தான் எனக்கு வேண்டும். ஒரு மனிதர் சிறையில் கூடுதலாகக் கழித்த ஆண்டுகள் அவை, இதை வெறும் சொல் பிரச்சினையாக என்னால் பார்க்க முடியவில்லை.

இப்போது வேலூர் நண்பரின் கேள்வி, இதுதான் இழையிலேயே முக்கியமானது.

> இவ்வளவு அழுத்தமான சொல் போட்டால் பிரதமர் சொன்னதெல்லாம் சட்டம் என்று ஆகிவிடாதா?

ஆகாது. யார் துணிந்தது என்ற கேள்வியை இந்தச் சொல் கூடவே எழுப்புகிறது. 1975 ஜூன் 25 இரவை எடுத்துக்கொள்ளுங்கள். நெருக்கடி நிலையை அறிவிக்கச் சொல்லி இந்திரா காந்தி குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமதுக்கு எழுதினார். அமைச்சரவை கூடவில்லை. இன்று இரவே கூட்ட முடியவில்லை, நாளைக் காலை முதல் வேலையாக அமைச்சரவையில் சொல்லிவிடுகிறேன் என்று அந்தக் கடிதத்திலேயே இருக்கிறது, அதற்கு அரசு அலுவல் விதிகளில், பிரதமர் விதிகளைத் தளர்த்த இடம் தரும் 12ஆவது விதியைத் துணைக்கு அழைத்திருந்தார். நள்ளிரவுக்குள் கையெழுத்தாகிவிட்டது. காலை 6 மணிக்கு அமைச்சர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்கள், அவர்கள் தலையாட்டினார்கள். அதாவது, கூடிச் சூழ்ந்த துணிபு எதுவுமே இல்லாமல், ஒருவர் எழுதிய கடிதம் ஒரு நாட்டின் துணிபுரையாகப் போய்விட்டது. அதனால்தான் 44ஆவது திருத்தம் 352ஆவது உறுப்பில், அமைச்சரவையின் முடிவு எழுத்து மூலம் வந்தாலன்றிக் குடியரசுத் தலைவர் நெருக்கடி நிலையை அறிவிக்கக் கூடாது என்று சேர்த்தது. ‘கேபினட்’ என்ற சொல் நம் அரசமைப்புச் சட்டத்துக்குள் நுழைந்ததே அந்த இடத்தில்தான், 74இல் இருப்பது ‘கவுன்சில் ஆஃப் மினிஸ்டர்ஸ்’. ‘ஆலோசனை’ என்று எழுதினால், ஒருவர் சொன்னாலும் ஆலோசனைதான், கூடிச் சொன்னாலும் ஆலோசனைதான். துணிபுரை என்றால் ‘யாருடைய துணிபு, எங்கே கூடியது’ என்று கேட்க முடியும். எனவே பட்டியலில் ‘அமைச்சரவையின் துணிபுரை’, ‘பிரதமரின் துணிபுரை’ என்று இரண்டையும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும் என்கிறேன்.

மற்ற எல்லைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1997இல் குஜ்ரால் அமைச்சரவை உத்தரப் பிரதேசத்தில் குடியரசுத் தலைவர் ஆட்சி கேட்டபோது கே.ஆர். நாராயணன் திருப்பி அனுப்பினார், அமைச்சரவை கைவிட்டது. 1998இல் பீகாருக்கு வாஜ்பாய் அமைச்சரவை கேட்டதையும் திருப்பினார், 1999 பிப்ரவரியில் மறுபடி வந்தபோது கையெழுத்திட்டார். 2005 மே மாதம் பீகார் சட்டமன்றக் கலைப்பு உத்தரவில் அப்துல் கலாம் மாஸ்கோவில் இருந்தபடியே இரவோடு இரவாகக் கையெழுத்திட்டார், அந்தக் கலைப்பு பின்னர் உச்ச நீதிமன்றத்தில் செல்லாமல் போனது. ஆக, துணிபுரை குடியரசுத் தலைவரைக் கட்டுப்படுத்தும், நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. என்ன சொன்னார்கள் என்று நீதிமன்றம் விசாரிக்கக் கூடாது என 74(2) சொன்னாலும், எந்த ஆதாரத்தை வைத்துச் சொன்னார்கள் என்று பார்க்கலாம் என்று 1994இல் எஸ்.ஆர். பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

1979 மட்டும் எனக்கே உறுத்துகிறது. சரண் சிங் ஜூலை 28இல் பிரதமரானார், மக்களவையைச் சந்திக்காமலேயே ஆகஸ்ட் 20இல் பதவி விலகி, அவையைக் கலைக்கச் சொன்னார், குடியரசுத் தலைவர் சஞ்சீவ ரெட்டி 22ஆம் தேதி கலைத்தார். அவையின் நம்பிக்கையை ஒரு நாள்கூடப் பெறாதவர்கள் சொன்னது கட்டுப்படுத்துமா என்ற வாதம் அன்றே எழுந்தது. என் கருத்தில் கட்டுப்படுத்தாது, மக்களவைக்குப் பொறுப்பானவர்கள் சொல்வதால்தான் துணிபுரைக்கு அந்த வலுவே வருகிறது. ஆனால் இதை விளக்கக் குறிப்பில் முடிந்த முடிபாக எழுத வேண்டாம், ‘விவாதத்துக்குரியது’ என்று விடலாம்.

அப்புறம் வினை வடிவம். ‘ஆலோசனையை ஏற்று’ என்று எழுதும் பழக்கத்தை இத்தோடு விட வேண்டும். ஏற்பது என்றாலே மறுக்கவும் முடியும் என்றாகிறது. ‘அமைச்சரவையின் துணிபுரைப்படி குடியரசுத் தலைவர் ஆணையிட்டார்’ என்று எழுதலாம். வினையாக ‘துணிபுரைத்தது’ வரும்: ‘அவையைக் கலைக்க அமைச்சரவை துணிபுரைத்தது’. 143க்கு ‘ஆலோசனைக் கருத்து’ அப்படியே இருக்கட்டும், நீதிபதி நியமனம் போன்ற இடங்களில் ‘கலந்தாலோசனை’யும் இருக்கட்டும். திருப்பி அனுப்புவதற்கு ஒருவர் ‘மீட்பு’ என்று எழுதியிருந்தார். அது வேறு பொருள் தரும், ‘மறுநோக்குக்குத் திருப்புதல்’ போதும். இரண்டாம் முறை வருவது ‘மீள்துணிபுரை’. மாற்றுக் கருத்து இருந்தால் எந்த உறுப்பில் எந்த வாக்கியத்தில் இந்தச் சொல் பொருந்தவில்லை என்று வாக்கியத்தோடு எழுதுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.