நிலத்தில் தானாக முளைத்த மரங்கள், விறகுக்கு ஆகுமா?

சும்மா கிடந்த நிலம்:
இரண்டு வருஷம் எட்டிப் பார்க்காமல் விட்ட நிலத்தில் மரங்கள் ஆளுயரம் தாண்டிவிட்டன. ஒன்று முள்மரம், இலை பொடிப்பொடியாக. இன்னொன்றுக்கும் ஏறக்குறைய அதே இலைதான், ஆனால் முள்ளே இல்லை, தட்டைக் காய்கள் கொத்துக் கொத்தாகத் தொங்குகின்றன. வெட்டி விறகாக்கலாமா? முள்மரம் நாட்டுக் கருவேலமாக இருந்தால் வெட்ட மனசில்லை, அதுதான் கேட்கிறேன்.

வேலிக்காத்தான்:
பூவைப் பாருங்கள். மஞ்சள் பந்து மாதிரி உருண்டையாக இருந்தால் நாட்டுக் கருவேலம், விட்டுவிடுங்கள். விரல் நீளக் கதிராக, வெளிர்மஞ்சளாக இருந்தால் சீமைக் கருவேலம். (விடத்தலைக்கும் கதிர்ப்பூதான், ஆனால் அது பாதி இளஞ்சிவப்பு, பாதி மஞ்சள்.) பூக்காத பருவம் என்றால் காய் சொல்லிவிடும்: நாட்டுக் கருவேலங்காய் விதைக்கு விதை இறுகி மணி கோத்தது போல இருக்கும், சீமையின் காய் பயறு மாதிரி, பழுத்தால் மஞ்சளாகும். முள்ளில்லாதது சவுண்டல், அதாவது சுபாபுல். வெள்ளைப் பந்துப் பூ இருக்கிறதா பாருங்கள்.

கரி அடுப்பு:
சீமை என்றால் யோசிக்கவே வேண்டாம், கட்டை கனம், நின்று எரியும், தணலும் நெடுநேரம் இருக்கும், கரி போடவும் ஏற்றது. சவுண்டலும் நன்றாகவே எரியும், ஆனால் தணல் அவ்வளவு நேரம் நிற்காது. எதுவானாலும் வெட்டிய கையோடு அடுப்பில் வைக்காதீர்கள், பச்சைக் கட்டையின் எடையில் பாதிவரை தண்ணீர்தான், புகை கண்ணை அவித்துவிடும். தடித்ததைப் பிளந்து, மழை படாமல் காற்று புகும்படி அடுக்கி, சில மாதம் விடுங்கள். முனையில் வெடிப்பு விட்டு, இரண்டு கட்டைகளைத் தட்டினால் டங்கென்று கேட்க வேண்டும், மொத்தென்றால் இன்னும் ஈரம். அப்புறம், பக்கத்தில் அரளி நின்றால் அதன் குச்சி ஒன்றுகூடக் கலக்க வேண்டாம், புகையே நஞ்சு.

கடப்பாரை:
மேலே சொன்னதெல்லாம் சரி, வேரை விட்டுவிட்டீர்களே! நான் முதல் தடவை முழங்கால் உயரத்தில் வெட்டினேன், அடுத்த மழைக்கே ஒன்றுக்கு ஐந்தாகத் துளிர்த்தது. விறகு தொடர்ந்து வேண்டுமென்றால் அது லாபம்தான். நிலம் வேண்டுமென்றால் மண்ணைப் பறித்து, தண்டும் வேரும் சேரும் இடத்துக்குக் கீழே வெட்டுங்கள். காய் பழுக்கும் முன்பே முடியுங்கள், சீமைக் காயை ஆடுமாடு தின்று சாணத்தில் விதையை ஊரெல்லாம் போட்டுவிடும்.

சும்மா கிடந்த நிலம்:
போய்ப் பார்த்தேன், கதிர்ப்பூதான். முள் ஒன்று செருப்பையும் தாண்டிக் காலில் ஏறிவிட்டது, தடித்த பூட்ஸ் வாங்கிய பிறகுதான் அடுத்த வேலை.