கருவேலம் அக்கேசியா இல்லையாம்!

கண்மாய்க்கரை: நேத்து இங்க ஒருத்தர், "கருவேலத்துக்கு இப்ப வாச்செலியா நிலோட்டிகானு பேரு, இன்னும் அக்கேசியான்னு எழுதுறவங்க படிக்காதவங்க"ன்னு போட்டிருக்காரு. படிச்சவருக்கு ஒரு கேள்வி. 2005ல வியன்னா தாவரவியல் மாநாட்டுல அக்கேசியாங்கிற பேர ஆஸ்திரேலியா மரங்களுக்குக் குடுக்கக் கூடாதுன்னு 54.9 சதவீதம் ஓட்டு, குடுக்கலாம்னு 45.1. அப்புறம் எப்படி 45.1 ஜெயிச்சுது?

இலைச்சருகு: போட்டது நான்தான். குடுக்கலாம்ங்கிற கமிட்டி பரிந்துரைய தள்ளணும்னா 60 சதவீதம் வேணும், அது வரல. டிஎன்ஏ பாத்ததுல பழைய அக்கேசியா ஒரே வம்சமே இல்லன்னு ஆயிடுச்சு, எப்படியும் பிரிச்சுதான் ஆகணும். ஆஸ்திரேலியாவுல ஆயிரம் ஸ்பீஷீஸ் பேர மாத்த சொல்றீங்களா?

கண்மாய்க்கரை: பிரிக்க வேணாம்னு எவன் சொன்னான்? டைப் ஸ்பீஷீஸே, அதாவது அந்தப் பேரு யாருக்குன்னு தீர்மானிக்கிற மாதிரி மரமே, நம்ம கருவேலம், அத தூக்கிட்டு பெனினெர்விஸ்னு ஒரு ஆஸ்திரேலியா மரத்த வச்சாங்களே, அதத்தான் கேக்குறேன். எங்க கண்மாய்க்குள்ள வந்து பாருங்க, இலையடியில ஜோடி ஜோடியா வெள்ளை முள்ளு, மஞ்சள் உருண்டை பூ, மணி கோத்த மாதிரி நெத்து. அங்க உள்ளதுல முக்காவாசிக்கு முள்ளே கிடையாது, இலைன்னு தெரியுறது தட்டையான காம்பு. 54.9 சார், 54.9!

மலையடிவாரம்: நீலகிரி புல்வெளிய அழிச்ச வாட்டில் மரம் மட்டும் ஜம்முனு அக்கேசியா மியர்ன்சியையாவே இருக்கு. கருங்காலியையும் செனகாலியான்னு ஆக்கிட்டாங்க.

வேரடி: கருங்காலி டயோஸ்பைரோஸ், அது வேற இனம். இது தெரியாம பேச வந்துட்டீங்க.

மலையடிவாரம்: எங்க பக்கம் செனகாலியா கட்டேச்சு மரத்தத்தான் கருங்காலிம்போம். நீங்க மாலை விக்கிறவரா?

வேரடி: பர்சனலா பேசாதீங்க, போன மாசமும் இதே வேலை பண்ணீங்க.

இலைச்சருகு: 2011ல மெல்போர்ன் மாநாட்டுலயும் அதே முடிவுதான். கேஸ் முடிஞ்சுது.

கண்மாய்க்கரை: மெல்போர்ன் யாரு ஊரு? சரி, 2022ல வன்னியும் சீமைக்கருவேலமும் இருந்த புரோசோபிஸ் பேரினத்த பிரிச்சப்ப பேரு டைப்பான நம்ம வன்னிக்கே நின்னுச்சு, சீமைக்கருவேலம் நெல்டுமான்னு வெளிய போச்சு. ஸ்பீஷீஸ் அதிகம் இருக்கது அமெரிக்காவுலதான், அவங்க யாரும் பேர புடுங்கல. வன்னிக்கு ஒரு நியாயம், கருவேலத்துக்கு ஒரு நியாயமா?

இலைச்சருகு: அது வேற, இது வேற.

கண்மாய்க்கரை: என்ன வேற? நான் அக்கேசியா நிலோட்டிகான்னுதான் எழுதுவேன். 54.9க்கு இன்னும் பதில் வரல.

இலைச்சருகு: 60னு மேலயே சொல்லியாச்சு, கண்ணாடிய போட்டுட்டு படிங்க.

வேரடி: மொதல்ல அந்த மாலைப் பேச்ச வாபஸ் வாங்க சொல்லுங்க.