புதுப்பிப்பு: டீக்கடை அண்ணன்கிட்ட பேசிட்டேன்

போன மாசம் எழுதுனேன்ல, மலேசியாவுல ரிட்டையர் ஆகி ஓசிஐ கார்டோட (வெளிநாட்டு குடியுரிமை வாங்குன இந்திய வம்சாவளிக்காரங்களுக்கு தர்ற கார்டு) சொந்த ஊரு வேலூருக்கே வந்தும் "உங்கள மாதிரி ஆளுங்க வந்துதான் வாடகை ஏறுது"ன்னு டீக்கடையில குத்திக் காட்டுறாங்கன்னு. கடைய மாத்துன்னு நெறைய பேர் சொன்னீங்க, மாத்தல, நேராவே கேட்டுட்டேன்.

அவர் பொண்ணு கல்யாணமாகி தோட்டப்பாளையத்துல வீடு தேடுச்சாம், சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்கு வர்ற கல்கத்தா, பங்களாதேஷ் ஆளுங்களுக்கு நாள் வாடகைக்கு விட்டா அதிகமா வருதுன்னு யாருமே மாச வாடகைக்கு தரலயாம், கடைசியில காட்பாடி தாண்டி போயிடுச்சு. கோபம் வராம என்ன செய்யும். (2024 ஜூலையில பார்சிலோனாவுல, டூரிஸ்ட்டாலதான் வாடகை ஏறுதுன்னு அவங்க மேல தண்ணி துப்பாக்கி அடிச்சாங்க, இங்க வாய் மட்டும்தான்.)

என் வீட்டு ஓனர் கேட்ட வாடகைய பேரம் பேசாம குடுத்தது என் தப்பு, ரிங்கிட் கணக்குல சீப்பா தெரிஞ்சுது. அடுத்த அக்ரிமெண்ட்டுல பக்கத்து வீட்டு ரேட்டுதான்னு சொல்லிட்டேன், மூஞ்சி தூக்கி வச்சிருக்காரு. டீக்கடை அண்ணன் இப்ப சக்கரை கேட்டு போடுறாரு.