பாஸ்டன் செங்கல் வீடுகளின் மர அடித்தளம்

கேள்வி:
பாஸ்டனின் பேக் பே பகுதியிலுள்ள 19ஆம் நூற்றாண்டுச் செங்கல் வீடுகள் மரக்கம்பங்களின் மேல் நிற்கின்றன என்று படித்தேன். ஈர மண்ணில் மரம் இற்றுப்போகாதா?

பதில் 1:
அப்பகுதி முன்பு அலையேறும் சதுப்பாக இருந்தது. 1850களின் பிற்பகுதியிலிருந்து மண் கொட்டி மேடாக்கியபோது, இளகிய நிலத்தில் கனமான சுவர்களைத் தாங்குவதற்காக மரக்கம்பங்களை ஆழமாக அடித்து இறக்கினார்கள். நீரில் முழுவதும் மூழ்கியிருக்கும் மரத்துக்குக் காற்று எட்டாததால், அதை மட்கச் செய்யும் பூஞ்சை வளர்வதில்லை. நிலத்தடி நீர்மட்டம் தாழ்ந்து கம்பத்தின் தலைப்பகுதி வெளிப்பட்டால்தான் ஆபத்து.

பதில் 2:
விரிசல் விட்ட சாக்கடைக் குழாய்களே அந்நீரைச் சத்தமின்றி வடித்துவிடக்கூடும். இற்ற தலையை வெட்டியெடுத்து, எஃகும் கான்கிரீட்டும் கொண்டு தாங்கச் செய்வது மிகுந்த செலவு பிடிக்கும் வேலை.

கேள்வி கேட்டவர்:
நீர்மட்டத்தை எவரேனும் அளக்கிறார்களா?

பதில் 1:
1986இல் நிறுவப்பட்ட பாஸ்டன் நிலத்தடி நீர் அறக்கட்டளை, கண்காணிப்புக் கிணறுகளில் அளந்துவருகிறது.