லாரா 1.8 டிஎஸ்ஐ: எந்த பூஸ்ட் கன்ட்ரோலர் வாங்கலாம்?

கோவைலாரா:
வணக்கம். 2011 ஸ்கோடா லாரா கார், 1.8 டிஎஸ்ஐ டர்போ இன்ஜின். வாரநாள்ல ஆபீஸ், மாசத்துல ஒரு ஞாயிறு செட்டிப்பாளையம் காரி ரேஸ் டிராக். ஸ்டேஜ் 1 ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டர் செட்டிங்கை மாத்துற முதல் கட்டம்) பண்ணி ஒரு வருஷம் ஆச்சு. இப்போ மூணாவது கியர்ல முழுசா மிதிச்சா பூஸ்ட் (டர்போ தள்ளுற காற்றழுத்தம்) எகிறி, உடனே இழுவை செத்துப்போகுது. பி0234 கோடு (பூஸ்ட் அளவு மீறுச்சுன்னு அர்த்தம்) வருது. இன்ஜினை அணைச்சுப் போட்டாத்தான் பழைய நிலைக்கு வருது. ஒரு கடையில மேனுவல் (கையால திருகுற) பூஸ்ட் கன்ட்ரோலர் போடச் சொல்றாங்க, இல்லேன்னா வேஸ்ட்கேட் (டர்போவைச் சுத்துற புகையைத் திருப்பிவிடுற கதவு) ஸ்பிரிங்கை கடினமா மாத்தச் சொல்றாங்க. கையில 20,000 ரூபாய் இருக்கு. எதை வாங்க?

எண்ணெய்க்கை:
தம்பி, ரெண்டையும் வாங்காதீங்க. உங்க கார்ல பூஸ்ட் கன்ட்ரோலர் ஏற்கெனவே இருக்கு, என்75 வால்வு. வேஸ்ட்கேட்டைத் திறக்குற ஆக்சுவேட்டருக்குப் போற காற்றுல ஒரு பங்கை அது இன்டேக் பக்கம் திருப்பி விடும். எவ்வளவுன்னு ஈசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) சொல்லும். நடுவுல திருகுற கன்ட்ரோலர் ஒண்ணைச் செருகினா ஈசியூ கேக்குறது ஒண்ணு, கிடைக்குறது ஒண்ணு. அது டார்க் (முறுக்கு விசை) கணக்குல ஓடுற ஈசியூ, ஒத்துவரலேன்னா த்ராட்டிலை (இன்ஜினுக்குக் காத்து போற கதவு) மூடிடும். ஸ்பிரிங் விஷயம் இன்னும் மோசம். வால்வுக்குக் கரண்ட் போகாட்டி பூஸ்ட் ஸ்பிரிங் அளவுக்குத் தானா இறங்கும். அதுதான் இன்ஜினுக்குக் கடைசிக் காவல். அதையா கடினமாக்கச் சொல்றாங்க?

இதே கோடு எனக்கும் இருங்காட்டுக்கோட்டையில நாலாவது சுத்துல வந்துச்சு. மூணு வாரம் தேடினேன். என்75ல இருந்து ஆக்சுவேட்டருக்குப் போற சின்ன ரப்பர் குழாய், ஆக்சுவேட்டர் முனையில, கிளிப்புக்கு அடியில நகக்கண் அளவு வெடிப்பு. ஆறினா வாய் மூடிக்கும், சூடேறினா விரியும். காத்து அங்கே கசிஞ்சா ஆக்சுவேட்டருக்கு அழுத்தம் பத்தாது, வேஸ்ட்கேட் திறக்காது, பூஸ்ட் எகிறும். கராஜ்ல நிறுத்திவச்சு எத்தனை தடவை பார்த்தாலும் குழாய் நல்லாத்தான் தெரிஞ்சுது.

விசிடிஎஸ் (காரோட கோடு, அளவுகளைப் படிக்குற மென்பொருள்) இருந்தா பிளாக் 115 லாக் பண்ணுங்க, கேட்ட பூஸ்ட்டும் வந்த பூஸ்ட்டும் பக்கத்துல பக்கத்துல வரும். அது வெளிக்காற்றையும் சேர்த்த கணக்கு. 2200 மில்லிபார்னா கேஜ்ல சுமார் 1.2 பார். கூடவே பிளாக் 020. எந்த சிலிண்டர்ல ஸ்பார்க் டைமிங் பின்வாங்குதுன்னு அதுல தெரியும்.

ஷாஆலம்4ஜி93:
அண்ணன் சொல்றது இந்த ஈசியூவுக்குச் சரி. என் புரோட்டான் சத்ரியா கார்ல 4ஜி93 டர்போ இன்ஜின், பழைய ஈசியூ. அதுக்குத் தனி கன்ட்ரோலரும் மூணு போர்ட் சோலனாய்டும் (மின் வால்வு)தான் போட்டேன், நல்லா ஓடுது. ஆனா குழாயை முடிஞ்ச அளவு குட்டையா வைக்கணும். நீளமானா வேஸ்ட்கேட் தாமதமாத் திறக்கும், அதுவே எகிறலுக்குக் காரணம். ஸ்பிரிங் அளவுல ஓட்டிப் பார்த்துட்டு அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க.

கோவைலாரா:
அண்ணா, கிளிப்பைக் கழட்டி, குழாயை வளைச்சுப் பார்த்தேன். அதே இடம், அதே வெடிப்பு! லாக்ல கேட்டது 2200, வந்தது 2480. புதுக் குழாய் போட்டபின் 2230க்கு மேல போகல. மிச்சப் பணத்துல டைவர்ட்டர் வால்வும் (மிதியை விட்டதும் பூஸ்ட்டைத் திருப்பிவிடுறது) மாத்தணுமா?

எண்ணெய்க்கை:
கழட்டிப் பாருங்க. ரப்பர் டயாஃப்ரம் வச்ச பழைய வகைன்னா கிழியும், அப்போ பூஸ்ட் எகிறாது, ஏறவே ஏறாது. பிஸ்டன் வகை, பார்ட் நம்பர் 'டி'ல முடியும், அதைப் போடுங்க. மிச்சத்தை, டர்போ தள்ளுற காத்தைக் குளிர்விக்குற இன்டர்கூலருக்கு ஒதுக்குங்க. முதல் சுத்துல உள்ளே போற காத்தோட வெப்பத்தையும் எட்டாவது சுத்துல இருக்கிறதையும் லாக் பண்ணி இங்கே போடுங்க, பார்க்கலாம்.