மச்சத்தை காட்டப் போனேன், மூணு பில் வந்து நிக்குது. ஸ்கின் கேன்சர் டெஸ்ட்டுன்னா இப்படித்தானா?

மழைக்குருவி:
முதுகுல தோள்பட்டைக்கு கீழ ஒரு மச்சம், சின்ன வயசுலேர்ந்தே இருக்கு. என் வீட்டுக்காரர் பழைய போட்டோ ஒண்ண பாத்துட்டு "இது இவ்ளோ பெருசா இல்லையே, ஓரமும் ஒரு மாதிரி இழுத்துட்டு போகுதே"ன்னார். பயந்துபோய் தோல் டாக்டர்ட்ட போறதுக்கு முன்னாடி போன் போட்டு விசாரிச்சேன், ஸ்க்ரீனிங்னா கன்சல்டேஷன் ஃபீஸ் மட்டும்தான்னாங்க. போனா டாக்டர் லைட்டு வச்ச ஒரு லென்ஸை மச்சத்து மேல வச்சு பாத்தார், இடுப்புகிட்ட இன்னொண்ணையும் பாத்தார், "ரெண்டையும் எடுத்து அனுப்பிடலாம்"னார். நான் குப்புற படுத்துட்டு இருக்கேன், அந்த நிலைமைல எவ்ளோ ஆகும்னு கேக்க யாருக்கு தோணும்? மரத்துப்போற ஊசி, ரெண்டு தையல், பத்து நிமிஷம்கூட ஆகல. ரிசல்ட் நல்லபடியா வந்துச்சு, சாதா மச்சம்தான், அதுல நிம்மதி. ஆனா அதுக்கப்புறம் டாக்டர் பில் தனியா, எடுத்ததுக்கு தனியா, நான் பேர்கூட கேள்விப்படாத ஒரு லேப்லேர்ந்து தனியா. இன்சூரன்ஸ்ல கேட்டா "இது ஸ்க்ரீனிங் இல்லீங்க"ன்னு வச்சுட்டாங்க. என்னை ஏமாத்திட்டாங்களா, இல்ல உலக வழக்கமே இதானா? அடுத்த வருஷமும் வரச் சொல்லிருக்கார்.

ரசீதுராஜா:
அக்கா, நான் பில்லிங்ல ஆறு வருஷம் குப்பை கொட்டினவன். ஏமாத்தலாம் இல்ல, சொல்ல வேண்டியத சொல்லல, அவ்ளோதான். கண்ணால பாக்குறது ஒரு வேலை, வெட்டி எடுக்குறது ஒரு வேலை, லேப்ல வச்சு பாக்குறது இன்னொரு ஆளோட வேலை, மூணும் மூணு கணக்கு. நீங்க போன்ல கேட்டப்ப அவங்க சொன்னது முதல் கணக்கு மட்டும்.

இன்சூரன்ஸ் விஷயம் இன்னும் கூத்து. எந்த தொந்தரவும் இல்லாம சும்மா பாத்துட்டு போக வந்தேன்னா அது ஸ்க்ரீனிங். "இந்த மச்சம் பெருசாகுது"ன்னு வாயத் தொறந்தீங்கன்னா அது நோய் இருக்கான்னு பாக்குற விசிட், கோடே வேற, நீங்க கையிலேர்ந்து கட்டுற பங்கும் வேற. அதுக்காக டாக்டர்ட்ட மறைச்சுத் தொலைச்சிடாதீங்க, மாறுதுங்கறதுதான் அவருக்கு கிடைக்குற பெரிய துப்பே.

அடுத்த தடவ ஊசி போடுறதுக்கு முன்னாடி கேளுங்க, இன்னிக்கே எடுத்தாகணுமா, சேம்பிள் எந்த லேபுக்கு போகுதுன்னு. டாக்டர் உங்க இன்சூரன்ஸ் கம்பெனியோட நெட்வொர்க்ல, அதான் அவங்க ஒப்பந்தம் போட்ட லிஸ்ட்ல இருப்பார், லேப் இருக்காது, அங்கதான் நிறைய பேருக்கு அடி விழுது.

கேள்விக்குறி:
இதெல்லாம் இலவசமா குடுக்க வேண்டியதுதானே, மார்பக கேன்சருக்கு பாக்குற மேமோகிராம் மட்டும் குடுக்குறாங்க? எனக்கென்னவோ மச்சத்தை காட்டி பயமுறுத்தி காசு பாக்குற மாதிரிதான் தெரியுது. போன்ல ஆப் இருக்கு, போட்டோ எடுத்தா சொல்லிடும்.

ரசீதுராஜா:
குடுக்குற ஊரும் இருக்கு ப்ரோ. ஜெர்மனில 2008லேர்ந்து 35 வயசு தாண்டினவங்களுக்கு ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ உடம்பு முழுக்க தோலை பாக்குறதுக்கு அரசு காப்பீடே கட்டிடுது. அமெரிக்கால வேற கதை, அங்க தடுப்பு சிகிச்சைக்கான நிபுணர் குழு 2023ல மறுபடி அலசி பாத்துட்டு, அறிகுறி இல்லாத எல்லாரையும் பாக்குறதால நல்லதா கெட்டதான்னு சொல்ல ஆதாரம் பத்தலன்னுட்டாங்க, அதனால மேமோகிராம் மாதிரி இதையும் கைக்காசு வாங்காம குடுத்தே ஆகணும்னு கம்பெனிகளுக்கு கட்டாயம் இல்ல. ஆனா இது அறிகுறியே இல்லாதவங்களுக்கு. அக்கா மாதிரி மாறுற மச்சம் இருக்குறவங்க கதையே வேற, அவங்க காட்டித்தான் ஆகணும்.

ஸ்லைடு_பாக்குறவன்:
லேப் ஆளு நான், திட்டுறதுக்கு முன்னாடி கேளுங்க. ரெண்டு மச்சம்னா ரெண்டு பாட்டில் ஃபார்மலின், ஒவ்வொண்ணு மேலயும் எந்த இடம்னு லேபிள். அதை மெழுகுல பதிச்சு, நாலஞ்சு மைக்ரான் கனத்துக்கு சீவி, சாயம் போட்டு, அப்புறம்தான் பெத்தாலஜிஸ்ட், அதான் திசுவ பாத்து நோய் என்னன்னு சொல்ற டாக்டர், மைக்ராஸ்கோப்ல உக்காந்து பாப்பார். நிறைய இடத்துல பில் பாட்டில் கணக்குதான், ஆள் கணக்கு இல்ல. ரெண்டையும் ஒரே பாட்டில்ல போட்டா மிச்சம்தானேன்னு ஒருத்தர் என்கிட்டயே கேட்டார். ஒண்ணுல கேன்சர்னு வந்தா திரும்ப எங்க சார் வெட்டுறது, தோள்லயா இடுப்புலயா? சந்தேகமா இருந்தா மெலன்-ஏ, சாக்ஸ்10னு கூடுதலா சாயம் போடுவோம், அதுவும் பில்லுல ஏறும், முன்கூட்டியே யாராலயும் சொல்ல முடியாது.

ஆப் அண்ணனுக்கு ஒண்ணு, ஆப் ஒண்ணுமில்லன்னு சொல்லி அது மெலனோமாவா, அதான் மச்சம் மாதிரி வர்ற மோசமான தோல் கேன்சரா இருந்தா அந்த செலவ யார் கட்டுவா? அதைவிட மோசம் பார்லர்ல போய் மச்சத்தை சுட்டு எடுக்குறது, எங்களுக்கு பாக்குறதுக்கு ஒண்ணும் மிஞ்சாது.

தேன்மிட்டாய்:
பணம் குடுக்குறோம்ல, முழுசா பாக்குறாங்களான்னும் பாருங்க. எங்க அப்பாவ கூட்டிட்டு போன முதல் டாக்டர் சட்டைய மட்டும் கழட்டச் சொல்லி முதுகை பாத்துட்டு அனுப்பிட்டார். ரெண்டாவது டாக்டரம்மா சாக்ஸ கழட்டுங்கன்னாங்க, குதிகால்ல ஒரு கருப்பு திட்டு, அப்பாவுக்கே தெரியாது. கருத்த தோல்காரங்களுக்கு மெலனோமா வந்தா உள்ளங்கை, உள்ளங்கால், நகத்துக்கு அடிலதான் அதிகமா வருமாம். அப்பாவுக்கு அது ஒண்ணுமில்லன்னு வந்துச்சு, ஆனா அதே ஃபீஸ்தான் ரெண்டு பேரும் வாங்குனாங்க.

மழைக்குருவி:
லேப் தம்பி, இப்பதான் பில்ல எடுத்து வச்சு பாத்தேன், "சேம்பிள் ஏ, சேம்பிள் பி"ன்னு ரெண்டு வரி, ஒரே தொகை ரெண்டு தடவ. தப்பா போட்டுட்டாங்கன்னு சண்டைக்கு போக இருந்தேன், நல்லவேளை. லேப்க்கு போன் போட்டு கைல இவ்ளோ இல்லன்னேன், மூணு தவணையா கட்டுங்கன்னு சொல்லிட்டாங்க, கேக்காம இருந்திருந்தா சொல்லியிருக்க மாட்டாங்க. அடுத்த வருஷம் சாக்ஸ் போடாமயே போறேன்.