இரண்டரை மில்லிமீட்டர் வாஷரும் ஹேங்கர் பக்தர்களும்

படுவான்கரையான்:
"செயின் லைன் பார்ப்பது வேலையில்லாதவன் வேலை. செயின் விழுந்தால் ஹேங்கர் வளைந்திருக்கிறது, அவ்வளவுதான்." பெடலைப் பின்னுக்குச் சுற்றினால் செயின் விழுகிறது, ஏன் என்று ஒரு தம்பி கேட்டதற்கு நேற்று எழுவான்கரை32 கொடுத்த பதில் இது. செயின் லைன் என்பது சைக்கிளின் நடுக்கோட்டிலிருந்து செயின்வீல் நிற்கும் தூரம். ஹேங்கர் என்பது, செயினைப் பல்லுக்குப் பல்லு மாற்றுகிற டீரெய்லரைச் சட்டத்தில் பூட்டும் சின்னத் துண்டு. வாசித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை.

கேட்ட தம்பியின் மவுண்டன் சைக்கிளில் முன்னால் ஒற்றைச் செயின்வீல், 32 பல்லு. பின்னால் 11 கியர், அதாவது 11 பல்சக்கரங்கள் அடுக்கிய கேசட்: ஆகச் சின்னதில் 11 பல்லு, ஆகப் பெரியதில் 46. இந்தச் சக்கரங்களையும் பல்லு என்றே சொல்வோம். ஆகப் பெரிய பல்லில் போட்டு முன்னுக்கு மிதித்தால் ஒரு பிரச்சினையும் இல்லை. பெடலைப் பின்னுக்குச் சுற்றினால் அரைச் சுற்றுக்குள் டக்கென்று செயின் கீழ்ப் பல்லுக்கு இறங்கிவிடுகிறது. முன்னுக்கு மிதிக்கும்போது செயினைப் பல்லில் கொண்டுபோய் விடுவது டீரெய்லர். பின்னுக்குச் சுற்றும்போது மேல்பக்கச் செயின் செயின்வீலிலிருந்து நேரே போய்ப் பின்பல்லில் ஏறுகிறது, நடுவில் பிடித்து விட ஆளில்லை. செயின்வீல் வெளியே தள்ளி நின்றால் செயினும் வெளியேதான் இழுபடும். இதில் ஹேங்கருக்கு என்ன பங்கு?

தம்பியின் பின் ஹப், அதாவது பின் சில்லின் நடு உருளை, 135 மில்லிமீட்டர். யாரோ அவர் தலையில் கட்டிய கிராங்கோ (பெடல் பூட்டுகிற கை) பூஸ்ட் என்ற அகல ஹப் சைக்கிளுக்கு உரியது, செயின் லைன் 52 மில்லிமீட்டர். பூஸ்டில் ஹப் 148, கேசட் 3 மில்லிமீட்டர் வெளியே நிற்கும், அதற்குத்தான் அந்த 52. பொட்டம் பிராக்கெட்டில், அதாவது கிராங்க் சுற்றுகிற பேரிங் கூட்டில், வலப்பக்கம் இருக்கிற 2.5 மில்லிமீட்டர் வாஷரைக் கழற்றி இடப்பக்கம் போட்டால் 49.5. வேலை முடிந்தது.

எழுவான்கரை32:
பேராசிரியர் வந்துவிட்டார், எல்லோரும் எழும்பி நில்லுங்கள். அண்ணன், இரண்டரை மில்லிமீட்டர் எவ்வளவு தெரியுமா? ஒரு நெல்லின் அகலம். ஒரு நெல்லால் செயின் விழுகிறது என்றால் வட்டையில் மேய்கிற மாடும் சிரிக்கும். கல்லடிக் கடற்கரையில் 6 வருடமாக ஓடுகிறேன், கிராங்கை ஒருநாளும் கழற்றியதில்லை. தம்பி, நீங்கள் ஹேங்கரைப் பாருங்கள்.

படுவான்கரையான்:
6 வருடம் கிராங்கைக் கழற்றாததைப் பெருமையாகச் சொல்கிற ஆளை இன்றைக்குத்தான் காண்கிறேன். உள்ளே இன்னும் பேரிங் இருக்கிறதா, உப்பு மட்டும்தானா?

நெல்லுக்கு வருவோம். 11 கியர் கேசட்டில் ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் 4 மில்லிமீட்டர்கூட இல்லை. அப்படியென்றால் 2.5 என்பது அரைப் பல்லுக்கு மேல். உங்கள் நெல் அரைப் பல்லை விழுங்கிவிட்டது ஐயா.

சம்மாந்துறைக் காக்கா:
அது எந்த நெல்லு? கீரிச்சம்பா என்றால் இரண்டரை வராது. நாடு நெல்லு என்றால் வரும். சும்மா "ஒரு நெல்லு" என்று மொட்டையாகச் சொல்லக் கூடாது.

எழுவான்கரை32:
காக்கா, இது சைக்கிள் பேச்சு.

சம்மாந்துறைக் காக்கா:
நெல்லைக் கொண்டுவந்தது நீங்கள்தான் மகன். கொண்டுவந்தால் சரியாகக் கொண்டுவரவேண்டும்.

புதுச்சில்லு:
அண்ணன்மார், சைக்கிள் என்னுடையது. வாஷரை மாற்றவா, விடவா? செயின்வீலில் ஒரு பல்லு தடிப்பு, ஒரு பல்லு மெல்லிசு என்று மாறி மாறி இருக்கிறது. அது இருந்தால் செயின் விழாது என்று விற்றவர் சொன்னாரே?

படுவான்கரையான்:
2012 இல் ஸ்ராம் எக்ஸ்எக்ஸ்1 கொண்டுவந்த வித்தை அது. முன்னால் செயின் கழலாமல் பிடிக்கும். பின்னால் கேசட்டில் இறங்குவதற்கு அது என்ன செய்யும்? வாசல் கதவைப் பூட்டிவிட்டுக் கோடிக் கதவைத் திறந்து வைத்த கதை. வாஷரை மாற்றுங்கள்.

எழுவான்கரை32:
மாற்றுங்கள், மாற்றுங்கள். வலது கால் இரண்டரை உள்ளே போகும், இடது கால் இரண்டரை வெளியே வரும். பிறகு முழங்கால் நோகிறது என்று இங்கேதான் வந்து அழவேண்டும். அதோடு செயின் லைன் என்றால் நடுப் பல்லுக்குச் செயின் நேராகப் போகிறதா என்பதுதான். தம்பிக்கு நேராகத்தான் போகிறது, படத்தில் பார்த்தேன்.

படுவான்கரையான்:
படத்தில் பார்த்தாராம்! சைக்கிளின் நடுக்கோட்டிலிருந்து செயின்வீல் பல்லு எத்தனை மில்லிமீட்டர் என்பதுதான் செயின் லைன். சீற் டியூபின் விட்டத்தில் பாதியோடு, டியூப் விளிம்பிலிருந்து பல்லின் நடு வரை உள்ள தூரத்தைக் கூட்டவேண்டும். இவர் போனமுறை எனக்கு அளந்து காட்டியது பிள்ளையின் பள்ளிக்கூட அடிமட்டத்தால். அதில் முதல் சென்ரிமீட்டர் உடைந்திருந்தது.

இப்போது முழங்காலில் இவ்வளவு அக்கறை. 2.5 ஒரு நெல்லு, அதால் செயினுக்கு ஒன்றும் ஆகாது என்றவர் இவர்தான். அதே நெல்லு முழங்காலை மட்டும் உடைக்குமா?

எழுவான்கரை32:
முழங்கால் வேறு, செயின் வேறு. ஹேங்கரைப் பார்த்தீர்களா இல்லையா?

வாழைச்சேனை வளையம்:
ஹேங்கரை வீட்டிலேயே பார்க்கலாம். குவிக் ரிலீஸ் (நெம்புகோலால் கழற்றுகிற) பின் ஹப்பின் அச்சு 10 மில்லிமீட்டர் மரை, ஹேங்கரின் மரையும் அதுவே. டீரெய்லரைக் கழற்றிவிட்டு, பழைய பின் சில்லு ஒன்றை அந்த ஓட்டையில் முறுக்கினால் இரண்டு சில்லும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். 12, 3, 6, 9 மணிப் பக்கங்களில் இடைவெளியை அளந்து பாருங்கள். நான்கும் ஒன்றென்றால் ஹேங்கர் நேர்.

புதுச்சில்லு:
செய்தேன். நான்கு பக்கமும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

எழுவான்கரை32:
"கிட்டத்தட்ட" என்றால்?

படுவான்கரையான்:
கேட்டீர்களா! செயின்வீல் என்றால் இரண்டரை ஒன்றுமில்லை, ஹேங்கர் என்றால் "கிட்டத்தட்ட" போதாது. எழுவான்கரையில் நியாயம் இப்படித்தான் போலிருக்கிறது.

எழுவான்கரை32:
ஊரை ஏன் இழுக்கிறீர்கள்? மட்டக்களப்பு வாவிக்குக் குறுக்கே எங்கள் எழுவான்கரையையும் உங்கள் படுவான்கரையையும் இணைக்கிற மண்முனைப் பாலம் 2014 இல் வந்த பிறகுதான் உங்கள் பக்கம் ஒழுங்கான சைக்கிளையே கண்டது.

படுவான்கரையான்:
அதற்கு முன்னர் படகுப் பாதையில் சைக்கிளை ஏற்றி, ஆற்றைக் கடந்து, உங்கள் பக்கத்தில் இறங்கி, உங்களையெல்லாம் முந்திக்கொண்டு போனவர்கள் நாங்கள். கியர் இல்லாத சைக்கிளில், பின்னால் நெல் மூட்டையோடு.

சம்மாந்துறைக் காக்கா:
அது எந்த நெல்லு?

வாழைச்சேனை வளையம்:
இன்னொன்று. வாஷரை மாற்றினால் செயின்வீல் சட்டத்தில் முட்டுமா என்று முதலில் பாருங்கள். 32 பல்லுக்கு இடம் இருக்கலாம், 34 என்றால் உரசக்கூடும். கிராங்கில் நேரடியாகப் பூட்டுகிற செயின்வீல் என்றால் 3 மில்லிமீட்டர் ஆஃப்செட் (உள்ளே தள்ளி நிற்கும் அளவு) உள்ளதைக் கழற்றி 6 உள்ளதைப் போடலாம். செயின்வீல் 3 உள்ளே போகும், கால் இருந்த இடத்திலேயே இருக்கும்.

படுவான்கரையான்:
அதைத்தான் நானும் சொன்னேன். உள்ளே கொண்டுவா என்று.

எழுவான்கரை32:
நீங்கள் சொன்னது வாஷர். அவர் சொல்வது செயின்வீல். இப்போது கதையை மாற்றாதீர்கள்.

படுவான்கரையான்:
வாஷர் கையில் இருக்கிறது, காசு இல்லை. செயின்வீலுக்குக் காசு நீங்களா கொடுக்கப்போகிறீர்கள்? உன்னிச்சைக் குளக்கட்டுக்குப் போனபோது செயின் அறுந்து நின்ற உங்களுக்கு நான் கொடுத்த இணைப்புக் கண்ணியே இன்னும் திரும்பி வரவில்லை.

எழுவான்கரை32:
அந்தக் கண்ணி 10 கியருக்கு உரியது. என் செயின் 11. வீடு வரைக்கும் கடகடவென்று சத்தம்.

படுவான்கரையான்:
வீடு வந்து சேர்ந்தீர்களா இல்லையா?

புதுச்சில்லு:
அண்ணன்மார், வாஷரை இடப்பக்கம் மாற்றிவிட்டேன். பெரிய பல்லில் பின்னுக்குச் சுற்றினேன், ஐந்து சுற்றுக்கு ஒருமுறைதான் விழுகிறது. ஆனால் ஆகச் சின்னப் பல்லில் இப்போது ஒரு கரகர சத்தம்.

எழுவான்கரை32:
விழுகிறதல்லவா! நான் என்ன சொன்னேன்? ஹேங்கர்.

படுவான்கரையான்:
அரைச் சுற்றில் விழுந்தது ஐந்து சுற்றுக்குப் போய்விட்டது. இரண்டரையால் வந்த பலன் அது. சத்தத்துக்குச் செயினில் எண்ணெய் போடுங்கள் தம்பி. தேங்காயெண்ணெய் வேண்டாம், எழுவான்கரையில் அதைத்தான் போடுகிறார்கள்.

எழுவான்கரை32:
தேங்காயெண்ணெய் போட்டதை யார் பார்த்தது? ஆளைச் சொல்லுங்கள்.